முஸாபிருக்கு ஒரு படுக்கை

பயணத்தில் இருப்பவனுக்கு மார்க்கம் அளித்திருக்கும் சலுகைகள் பல. நான்கு ரக்அத்துத் தொழுகையை அவன் இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். ரமலான் நோன்பைப் பின்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கலாம். சொந்த ஊரில் செல்வந்தனாகவே இருந்தாலும், வழியில் கைப்பொருள் இழந்து தவிக்கும்போது ஜகாத்தில் பங்கு பெறவும் தகுதியுடையவனாகிறான். பயணம் மனிதனை எவ்வளவு தளரச் செய்யும் என்பதை அறிந்து வழங்கப்பட்ட சலுகைகள் இவை. ஒட்டகத்தில் மாதக்கணக்கில் சென்றவனுக்கு அவை தேவைப்பட்டன. ஆகாய விமானத்தில் சில மணி நேரத்தில் கடல் கடப்பவனுக்கு எதற்கு என்று கேட்போர் உண்டு. அவ்வாறு கேட்பவர்கள், நள்ளிரவில் ஓர் அயல்நாட்டு விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்காக எட்டு மணி நேரம் காத்துக்கிடந்தவர்களாக இருக்கமாட்டார்கள்.

பயணச்சீட்டின் விலை குறையக் குறைய, இடைவழியில் காத்திருக்கும் நேரம் நீள்வதே பெரும்பாலும் வழக்கம். நேரே செல்லும் விமானத்துக்குப் பணம் கொடுக்க இயலாதவர்களே கொழும்பிலும் தோஹாவிலும் மஸ்கட்டிலும் இறங்கி ஏறுகிறார்கள். வளைகுடாவில் கூலி வேலைக்குச் செல்லும் இளைஞர்களும், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் உம்ராவுக்குப் புறப்பட்ட முதியவர்களும் இவர்களில் அதிகம். விமான நிலையங்களிலோ, நீண்ட இருக்கை வரிசைகளில் ஒவ்வோர் இருக்கைக்கும் நடுவே இரும்புக் கைப்பிடி பொருத்தி, ஒருவரும் நீட்டிப் படுத்துவிடாதபடி செய்திருக்கும் இடங்கள் பல. ஆகவே, இஹ்ராம் துணிப் பையைத் தலைக்கு வைத்து, வழுவழுப்பான தரையில் போர்வை விரித்துப் படுத்திருக்கும் பெரியவர்களைக் காண்கிறோம். அவர்களுக்குச் சில அடி தூரத்திலேயே, கண்ணாடிக் கதவுக்கு அப்பால், மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் காப்ஸ்யூல் அறைகள் இருக்கின்றன.

காப்ஸ்யூல் என்றதும் நமக்கு மருந்துக் கடையே நினைவுக்கு வரும். மருந்துத்தூளைச் சின்னஞ்சிறு கூட்டில் அடைப்பது போல் மனிதனையும் ஒரு கூட்டில் அடைத்து உறங்கவைக்கும் இந்த ஏற்பாடு பிறந்த நாடு ஜப்பான். 1979ஆம் ஆண்டு ஒசாகா நகரின் உமேடா பகுதியில் முதல் காப்ஸ்யூல் விடுதி திறக்கப்பட்டது. அலுவலகத்தில் நேரம் போனது தெரியாமல் உழைத்துவிட்டுக் கடைசி ரயிலைத் தவறவிட்ட ஆண்கள், முழு அறைக்குப் பணம் கொடுக்காமல் விடியும்வரை படுத்துக்கிடக்க ஓர் இடம் தேவைப்பட்டது. சுமார் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் கொண்ட கூடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குகளாக வைத்தார்கள். உள்ளே மெத்தை, விளக்கு, காற்றோட்டம். வாயிலில் ஒரு திரை. ஜப்பானியக் கூடுகளில் வாயிலைப் பூட்டும் வழக்கம் இல்லை. தீ விபத்து நேர்ந்தால் உள்ளிருப்பவர் கணத்தில் வெளியேற வேண்டும் என்பது ஒரு காரணம். பூட்டிக்கொள்ளும் கதவு வைத்தால் அது சட்டத்தின் பார்வையில் தனி அறையாகிவிடும் என்பது மற்றொன்று.

அதை வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா (1934 – 2007) என்ற கட்டடக்கலைஞர். கட்டடமும் உயிருள்ள உடலைப் போலத் தன் உறுப்புகளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற கொள்கையினர். அந்தக் கொள்கைக்குச் சான்றாக 1972இல் தோக்கியோவில் அவர் எழுப்பிய நகாகின் கோபுரத்தில் 140 கூடுகள் பொருத்தப்பட்டிருந்தன. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய கூட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவதாகத் திட்டம். ஒன்றுகூட மாற்றப்படவில்லை, 2022இல் கோபுரமே பிரித்து எடுக்கப்பட்டது. கோபுரம் போயிற்று, கூடு மட்டும் உலகெங்கும் பரவிவிட்டது. தமிழர் பலர் காலடி வைத்திருக்கும் கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையத்தின் முதல் முனையம், 1998இல் திறக்கப்பட்டதே, அதை வடிவமைத்தவரும் இதே குரோகாவாதான். அதற்கு அருகில் 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் முனையத்தில், கப்பலில் சரக்கேற்றும் இரும்புப் பெட்டிகளைக் கொண்டு கட்டிய காப்ஸ்யூல் விடுதி ஒன்று இயங்கிவருவது பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

விமான நிலையங்களுக்குள் இந்த யோசனை மெல்லத்தான் நுழைந்தது. லண்டன் காட்விக்கில் 2007இல் யோட்டல் நிறுவனம் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சிற்றறைகளைத் திறந்தது. ஜெர்மனியின் மியூனிக்கும் ரஷ்யாவின் மாஸ்கோவும் தொடர்ந்தன. 2014இல் தோக்கியோவுக்கு அருகிலுள்ள நரிட்டாவிலும், 2017இல் தென்கொரியாவின் இஞ்சோனிலும் இத்தகைய விடுதிகள் வந்தன. துபாயிலும் தோஹாவிலும் இப்போது உண்டு. சென்னை விமான நிலையத்திலும் 2022இல் சிறு அளவில் வைக்கப்பட்டன.

நரிட்டா விடுதியின் பெயரே ‘ஒன்பது மணி நேரம்’ என்பதாகும். குளியலுக்கு ஒரு மணி, உறக்கத்துக்கு ஏழு மணி, ஓய்வுக்கும் ஒப்பனைக்கும் ஒரு மணி என்று அவர்கள் போட்ட கணக்கு அது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. பெட்டியைப் பூட்டிவைக்க வெளியே நிலைப்பெட்டியும், குளிக்க வசதியும் இருக்கின்றன. பெண்களை அழைத்துச் செல்வோர் இதைக் கவனிக்க வேண்டும்: எல்லா நாட்டுக் காப்ஸ்யூல் விடுதிகளிலும் இவ்வாறு பிரித்துவைத்திருப்பதில்லை. இருபாலரும் ஒரே கூடத்தில் அடுத்தடுத்த கூடுகளில் உறங்கும் விடுதிகளும் உண்டு. பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்வது நலம். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே கூட்டில் தங்கப் பல விடுதிகளில் முடியாது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும். மூட்டுவலியுள்ள முதியவர்களுக்கு மேலடுக்கு ஆகாது. அவர்களுக்குக் கீழ் அடுக்கையே கேட்டு வாங்க வேண்டும். மூடிய இடத்தில் மூச்சு முட்டுவதாக உணர்வோர் இந்தப் பக்கமே போகாதிருத்தல் நன்று. கபுருக்குள் படுத்தாற்போல் இருக்குமே என்று நம் வீட்டுப் பெரியம்மாக்கள் சொல்லக்கூடும், அவர்களைக் குறைசொல்வதற்கில்லை.

உறக்கத்தோடு சேர்ந்தே எழும் ஒரு கேள்வி ஒளு. ஷாபிஈ மத்ஹபின்படி, இருக்கையில் உடல் நன்கு பதிந்திருக்க அமர்ந்தபடியே உறங்கியவரின் ஒளு முறிவதில்லை. கூட்டுக்குள் கால் நீட்டிப் படுத்து உறங்கியவருக்கோ, ஷாபிஈக்கும் ஹனபிக்கும் கருத்து வேறுபாடின்றி, ஒளு முறிந்துவிடும். ஒரு மீட்டர் உயரக் கூட்டுக்குள் நின்று தொழவும் வழியில்லை. எனவே கழுவுமிடமும் தொழுகைக்கூடமும் எங்கே உள்ளன என்று விசாரித்துவிட்டே படுக்கப் போக வேண்டும். நரிட்டாவிலும் தொழுகைக்கூடம் உண்டு. ஸுப்ஹு நேரத்தை ஊர் நேரத்தைக் கொண்டு கணக்கிட்டுவிடக் கூடாது. ஜூன் மாதத்தில் தோக்கியோவில் காலை நாலரை மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுகிறது. நம் ஊர் நினைப்பில் ஐந்து மணிக்கு எழுபவருக்குத் தொழுகை களாவாகிவிடும். மெல்லிய சுவருக்கு அப்பால் இன்னொரு முஸாபிர் உறங்குகிறார். ஆதலால் கைபேசியை ஒலி எழுப்பவிடாமல், அதிர்வில் வைத்துத் தலையணையின்கீழ் செருகிக்கொள்வதே முறை.

இனி, பலரும் இடறி விழும் இடத்துக்கு வருவோம். விமான நிலையத்துக்கு உட்புறம், வெளிப்புறம் என இரு பகுதிகள் உண்டு. குடிநுழைவுச் சோதனையைத் தாண்டாமல் இடைவழிப் பயணிகள் தங்கும் பகுதி உட்புறம். சோதனை முடித்து, நாட்டுக்குள் நுழைந்தபின் வருவது வெளிப்புறம். கோலாலம்பூர் இரண்டாம் முனையத்தின் காப்ஸ்யூல் விடுதியும், நரிட்டாவின் விடுதியும் வெளிப்புறத்தில் அமைந்தவை. அந்நாட்டுக்குள் நுழைய அனுமதி இல்லாத பயணி, முன்பணம் கட்டிப் பதிவு செய்திருந்தாலும் அங்கே போய்ச் சேர முடியாது. தோஹாவில் உள்ளது உட்புறத்திலேயே இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. விடுதியின் பெயரையும் விலையையும் பார்ப்பதற்கு முன், அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

வசதியைப் பற்றி இவ்வளவு சொன்னபின் விலையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மணிக்கணக்கில் வாடகை என்பது கேட்பதற்கு மலிவாகத் தோன்றும். ஆனால் குறைந்தது இத்தனை மணி நேரம் என்று விதித்து, இரவு நேரத்துக்குக் கூடுதலாக வசூலிக்கும்போது, சீட்டில் மிச்சம் பிடித்த பணம் படுக்கையில் கரைந்துவிடும். நால்வர் கொண்ட குடும்பத்துக்குப் பல விடுதிகளில் நான்கு கூடுகள். விமான நிலையத்தில் தொழுகைக்கூடம் இலவசம், கழிப்பறை இலவசம், குடிநீரும் பல இடங்களில் இலவசம். உறக்கம் மட்டும் ஏன் விற்பனைச் சரக்காயிற்று?

முன்னோர் இதை வேறுவிதமாகப் பார்த்தனர். 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா சூர், தம் நெடுஞ்சாலைகளில் இரண்டு குரோசத் தொலைவுக்கு ஒரு ஸராய் அமைத்ததாக அப்பாஸ் கான் ஸர்வானி எழுதியிருக்கிறார். முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனித் தங்குமிடம், வாயிலில் குடிநீர், படுக்கை, உணவு, குதிரைக்குத் தீனி ஆகிய அனைத்தும் அரசின் செலவு. துருக்கியில் அக்ஸராய் அருகே 1229இல் ஸல்ஜூக்கிய சுல்தான் கட்டிய சுல்தான் ஹான் இன்றும் நிற்கிறது. முற்றத்தின் நடுவே தூண்களின்மீது உயர்த்திக் கட்டிய சிறு பள்ளிவாசல், சுற்றிலும் உறங்குமிடங்கள். இத்தகைய விடுதிகள் பலவற்றுக்கு வக்ஃபுச் சொத்துகளின் வருமானமே ஆதாரமாக இருந்தது. சீன நாட்டு வழிவிடுதிகளைப் பற்றி இப்னு பதூதா எழுதிய குறிப்பும் உண்டு. மாலையில் அதிகாரி ஒருவர் எழுத்தருடன் வந்து, தங்குவோர் பெயரையெல்லாம் பதிந்துகொண்டு கதவைப் பூட்டிச் செல்வார்; காலையில் வந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துச் சரிபார்ப்பார். முஸாபிரின் உறக்கத்துக்கு அங்கே ஆட்சியே பொறுப்பேற்றிருந்தது.

அந்தப் பொறுப்புணர்வு இன்றும் அறவே இல்லாமற் போய்விடவில்லை. சிங்கப்பூரின் சாங்கி நிலையத்தில் சாய்ந்து படுக்கும் இருக்கைகளோடு இலவச ஓய்விடங்கள் இருக்கின்றன. இஞ்சோனிலும் உண்டு. தோஹாவின் ஹமத் நிலையத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அமைதி அறைகள் வைத்திருக்கிறார்கள். விளக்கொளி மங்கலாக இருக்கும், கட்டணம் எதுவுமில்லை. இவற்றைப் பற்றி விளம்பரம் செய்வோர் இல்லை. எனவே அறியாதவர்கள் தரையில் படுக்கிறார்கள். இறங்கியவுடன் தகவல் மேடைக்குச் சென்று, இலவச ஓய்வறை எங்கே என்று முதலில் கேட்க வேண்டும். அங்கு இடம் இல்லையென்றால் காப்ஸ்யூலைப் பற்றி யோசிக்கலாம். மொழி தெரியாத பெரியவர்களை அனுப்பிவைக்கும் பிள்ளைகள், ‘இலவச ஓய்வறை எங்கே?’ என்ற கேள்வியை ஆங்கிலத்திலும் அரபியிலும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கடவுச்சீட்டோடு சேர்த்துக் கொடுத்தனுப்பினால் போதும்.