நெரிசலில் மட்டும் சூடேறும் கார்: காற்றாடி மோட்டாரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

தீபாவளிக்கு ஊர் திரும்பும் நாள்களில், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் ஓரத்தில் போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் கார்களைப் பார்க்காதவர்கள் குறைவு. அவற்றில் பல, 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய வரை எந்தக் குறையும் காட்டாதவை. டோல் சாவடிக்கு முன் வரிசை நின்று, கார் ஊர்ந்து செல்லத் தொடங்கிய பிறகுதான் சூட்டுமுள் மேலே ஏறும்.

இந்த வேறுபாடே பாதி விடை. கார் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அந்த வேலையைச் செய்ய காற்றாடி மட்டுமே இருக்கிறது. ஆகவே, நெரிசலில் சூடேறி, ஓடத் தொடங்கியதும் தணிந்தால் முதலில் காற்றாடியைச் சந்தேகிக்க வேண்டும். வேகமாக ஓடும்போதே சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

காற்றாடி சுற்றவில்லை என்றதும் பல வாகனமோட்டிகள் நேரே 'பொத்தோங்' கடைக்குப் போய் பழைய மோட்டார் ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். அதுவும் சுற்றாதபோதுதான், கெட்டது மோட்டார் அல்ல, சில ரிங்கிட் விலையுள்ள ஃபியூஸோ ரிலேயோ என்று தெரிகிறது. அதற்குள் இரண்டு மூன்று முறை இயந்திரம் கொதித்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். பட்டறைச் செலவு ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டுவது அப்போதுதான்.

சோதனையில் இறங்கும் முன் இரண்டு எச்சரிக்கை. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விடுபட்டதும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். இன்னொன்று, பல கார்களில் சாவியை எடுத்த பிறகும் காற்றாடி திடீரென்று சுற்றத் தொடங்கும். இறக்கைக்கு அருகில் விரலோ சட்டைக் கையோ போகக் கூடாது.

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். இயந்திரத்தை ஓடவிட்டு ஏர்கோனைப் போட வேண்டும். பெரும்பாலான கார்களில் ஏர்கோன் கம்ப்ரஸர் இயங்கியதும் காற்றாடியும் சுற்றும். சுற்றினால் மோட்டார் நல்ல நிலையில் இருக்கிறது. சூட்டை உணர்ந்து கட்டளை கொடுக்கும் பகுதியில்தான் கோளாறு. ஆனால் இரண்டு காற்றாடி உள்ள கார்களில் எது சுற்றுகிறது என்று கவனிக்க வேண்டும். ஏர்கோன் கேஸ் தீர்ந்த காரில் இந்தச் சோதனை பலிக்காது, கம்ப்ரஸரே இயங்காது.

எதுவும் சுற்றவில்லை என்றால் போனட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியைப் பார்க்க வேண்டும். காற்றாடிக்குரிய ஃபியூஸ் பல கார்களில் 30 அல்லது 40 ஆம்பியர். எரிந்திருந்தால் அதே அளவில் புதியது போட வேண்டும். அதுவும் எரிந்தால், பெரிய ஃபியூஸ் போடுவது தீயை விலைக்கு வாங்குவதற்குச் சமம். மோட்டார் இறுகிப்போய் அதிக மின்சாரம் இழுக்கிறது, அல்லது தோல் உரிந்த வயர் ஒன்று காரின் உடலைத் தொடுகிறது என்று அர்த்தம்.

அடுத்து ரிலே. அதே பெட்டியில் ஹாரனுக்கோ வேறொன்றுக்கோ அதே வகை ரிலே இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். 'டிக்' என்ற சத்தம் கேட்பதால் மட்டும் ரிலே நல்லது என்று நம்ப முடியாது. உள்ளே தொடுமுனை கருகியிருந்தாலும் சத்தம் வரும். தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் நேர்மாறாக, காரைப் பூட்டிய பிறகும் காற்றாடி ஓடி விடிவதற்குள் பேட்டரியைக் காலி செய்துவிடும்.

மோட்டாரைச் சோதிக்க, அதன் பிளக்கைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த வயர் மூலம் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுக்கலாம். சுற்றினால் மோட்டார் நல்லது. சுற்றாமல், பின்பக்கத்தைக் கட்டையால் மெதுவாகத் தட்டியதும் சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அந்த மோட்டாருக்கு நாள் எண்ணப்படுகிறது.

பட்டறைகளே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கழற்றிய பிளக்கில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். "கரண்ட் வருகிறது, மோட்டார்தான் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். வயரின் இழைகளில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும் என்பதே உண்மை. மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம்; காற்றாடி கேட்பதோ பல ஆம்பியர். அதனால் பிளக்கை மாட்டி, காற்றாடிக்கு மின்சாரம் போகும் நிலையில்தான் அளக்க வேண்டும். அப்போது 12 வோல்ட் 7, 8 என்று இறங்கினால் வழியில் எங்கோ துரு அல்லது உருகிய பிளக் இருக்கிறது. எர்த் வயரையும் இப்படியே பார்க்கலாம்: மோட்டாரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், காரின் உடலில் எர்த் வயர் திருகப்பட்ட இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். மழையும் சேறும் படும் தோட்டச் சாலைகளில் ஓடும் கார்களுக்கு இது வழக்கமான நோய்.

எல்லாம் சரியாக இருந்தும் சூட்டுக்குக் காற்றாடி சுற்றவில்லையா? முதல் சாகா காலத்துப் பழைய கார்களில் ரேடியேட்டரில் ஒரு தெர்மோ சுவிட்ச் இருக்கும். சாவியைத் திருப்பி, அதன் இரண்டு வயரையும் இணைத்ததும் காற்றாடி ஓடினால் சுவிட்ச் கெட்டுவிட்டது. புதிய கார்களில் இயந்திரத்தில் உள்ள சென்சார் சொல்வதைக் கேட்டு கணினிதான் முடிவெடுக்கிறது. இயந்திரம் ஓடும்போது சென்சார் பிளக்கைக் கழற்றினால், பாதுகாப்புக்காகப் பல கார்களின் கணினி காற்றாடியை ஓடவிடும். ஓடினால் சந்தேகம் சென்சார் மீது. ஆனால் கூலண்ட் குறைந்து சென்சார் நீரில் மூழ்காமல் காற்றில் நின்றாலும் அது தவறாகவே சொல்லும். சென்சார் வாங்கும் முன் இயந்திரம் ஆறிய பிறகு கூலண்ட் அளவைப் பார்ப்பது நல்லது.

இவ்வளவு தேடாமல், டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து காற்றாடியை 'டைரக்ட்' செய்து கொடுப்பவர்கள் உண்டு. ரிலேயும் ஃபியூஸும் இல்லாத அந்த வயர் சூடாகித் தீப்பிடிக்கலாம். போட மறந்தால் இயந்திரம் போகும், நிறுத்த மறந்தால் பேட்டரி போகும்.

நடுவழியில் சூடேறினால் ஹீட்டரைப் போடச் சொல்லும் வெளிநாட்டுக் காணொளிகள் இங்கு அதிகம் உதவாது. நம் உள்நாட்டுக் கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. ஏர்கோன் போட்டால் காற்றாடி சுற்றும் கார் என்றால், முள் சிவப்புக்குப் போவதற்குள் ஏர்கோனைப் போட்டபடியே அடுத்த ஓய்வுத்தளம் வரை ஓட்டிச் செல்லலாம். சிவப்பைத் தொட்டுவிட்டால் அவசரத் தடத்தில் நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும். மூடியைத் தொடக் குறைந்தது அரை மணி நேரமாவது ஆக வேண்டும்.