மைக் இல்லாத மேடையில் ஒரு குரல்

துறைமுகத்துச் சங்கு ராயபுரம் முழுக்கக் கேட்பதுபோல, மைக் இல்லாமலே ஒரு கொட்டகையை நிறைக்கும் மனிதக் குரல் உண்டா? உண்டு. ஐரோப்பாவில் அப்படி நடித்துக்கொண்டே பாடுகிறவர்களை ஆப்பரா பாடகர்கள் என்பார்கள். கொடுமுடியில் பிறந்து, சிறுமியாக ரயிலில் பாடி, நாடக மேடை ஏறிய நம் கே.பி. சுந்தராம்பாளையும் அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் தாண்டி, கடைசி வரிசைவரை எட்டிய வெண்கலக் குரல் அது!

"ஆப்பராவில் எல்லாமே பாட்டு; நம் நாடகத்தில் நடுநடுவே வசனம் வருமே?" என்று நீங்கள் கேட்கலாம். மோட்சார்ட்டின் புகழ்பெற்ற 'மாயப் புல்லாங்குழல்' ஆப்பராவிலும் பேச்சு வசனம் உண்டு. ஆகவே வசனம் ஒரு தடையே அல்ல. பாத்திரத்தின் உயிர் பாட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சுந்தராம்பாளிடம் இருந்தது. கணவர் கிட்டப்பா 1933-இல் மறைந்தபின் வெள்ளைச் சேலை உடுத்தி ஒதுங்கியிருந்தவரை, ஆண் வேடத்தில், சிவபக்தர் நந்தனாராகவே திரைக்கு அழைத்து வந்தார்கள். 1935-இல் வெளியான அந்தப் படத்துக்கு அவர் பெற்ற சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்.