பல கரங்கள், ஒரே அட்டை



எங்கள் மகப்பேறு வார்டில், மாதம் நிறையுமுன் பிறந்த ஒரு குழந்தையைப் பல கரங்கள் கவனிக்கின்றன: மூன்று ஷிப்டு நர்ஸ் சகோதரிகள், டாக்டர், ஆயா, தாய், துணைக்கு வந்த பாட்டி. ஆள் குறைவில்லை என்று மகிழ்ந்திருந்தோம். ஆள் கூடுவதிலும் ஆபத்து உண்டென்று ஒரு குழந்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

1,600 கிராம் எடையுள்ள அந்தப் பெண் குழந்தைக்கு, இரண்டு மணிக்கொருமுறை தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் புகட்ட வேண்டும். ஓரிரவு ஷிப்டு மாறும் வேளையில், பாட்டி புகட்டியிருப்பார் என்று நர்ஸும், நர்ஸ் புகட்டியிருப்பார் என்று பாட்டியும் நினைத்துவிட்டார்கள். தாய் அசதியில் உறங்கிவிட்டார். விடியற்காலையில் பிள்ளையின் பாதம் சில்லிட்டிருந்தது; ரத்தத்தில் சர்க்கரையும் குறைந்திருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றினோம். தேவகிருபையால் பிழைத்தது. ஒருவர்மேலும் குற்றமில்லை, குறை எங்கள் ஏற்பாட்டில்தான் இருந்தது.

அன்றுமுதல் ஒவ்வொரு தொட்டிலிலும் ஓர் அட்டை தொங்குகிறது. பால் புகட்டிய நேரம், அளவு, உடல்சூடு, எடை ஆகியவற்றைக் கவனித்தவரே அப்போதே குறிக்க வேண்டும். எழுதத் தெரியாத பாட்டிமார், பாலாடைப் படத்தின்கீழ் ஒரு கோடு போட்டால் போதும். ஷிப்டு மாறும்போது இரு நர்ஸ்களும் தொட்டிலருகே நின்று, தாயின் முன்னிலையில் அட்டையை வாசித்துப் பிள்ளையை ஒப்படைக்கிறார்கள்.

அட்டையில் மற்றொரு கட்டமும் உண்டு: 'நெஞ்சோடு அணைத்த நேரம்'. குழந்தையைத் தோலோடு தோல் படும்படி மார்பில் கட்டிக்கொள்ளும் இந்தக் 'கங்காரு' முறை, 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில், இன்குபேட்டர்கள் போதாத நெருக்கடியில் தொடங்கியது. எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே இதைத் தொடங்கி, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை செய்யும்படி உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. தாய் ஒருவரால் இது கூடுமா? அவர் குளிக்க வேண்டாமா, சாப்பிட வேண்டாமா? ஆகவே தகப்பனும் பாட்டியும் முறைவைத்து அணைக்கிறார்கள். வாசலிலேயே தயங்கி நின்ற தகப்பன்மார், இப்போது சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை நெஞ்சில் தாங்கி அமர்ந்திருப்பதைக் காண எங்கள் உள்ளம் நிறைகிறது.

அந்தச் சிறுமி 2 கிலோ எடையோடு வீடு சென்றாள். அவளுடைய அட்டையைப் பாட்டி கேட்டு வாங்கிச் சென்றார்.

அன்பானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கை இங்கே சாய்வு நாற்காலியாகவும், பிள்ளையைக் கட்டும் துணியாகவும், எடைபார்க்கும் தராசாகவும் மாறுகிறது. இரவில் விழித்திருக்கும் சகோதரிகளுக்காகவும் தாய்மாருக்காகவும் ஜெபியுங்கள். அந்தத் தொட்டிலைத் தாங்கும் கரங்களில் உங்கள் கரமும் ஒன்று.