கடைக் கேமராவும் காவலர் நடவடிக்கையும்

காவலர்கள் ஒருவரை வழிமறித்து விசாரிக்கும்போதோ கடை வாசலில் வாக்குவாதம் செய்யும்போதோ அதைச் செல்போனில் படம் எடுக்கலாமா, எடுத்தால் வம்பு வருமா என்று நம் வியாபாரிகள் பலர் கேட்கிறார்கள். ராசிங்காபுரம், போடி வட்டாரத்தில் இது வீண் கேள்வி அல்ல. நம் ஏலக்காய், மிளகு மூட்டைகளில் பெரும்பகுதி போடிமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் கீழே இறங்குகிறது. ஓட்டுநர்கள், எடுபிடிப் பையன்கள், தோட்டத் தொழிலாளர்கள் எல்லாரும் அந்த வழியில் போய் வருகிறவர்கள்.

இதில் வணிகர்களாகிய நாம் முதலில் நினைவுகூர வேண்டியது சாத்தான்குளம். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தில் கடை திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி, செல்போன் கடைக்காரர் பென்னிக்ஸும் அவர் தந்தை ஜெயராஜும் காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டனர். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார். மறுநாள் காலை தந்தை இறந்தார். இருவரும் கடை முன் தரையில் உருண்டு புரண்டதால் காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை கூறியது. அக்கம்பக்கத்துக் கடைக் கேமராவில் பதிவான காட்சியில் அப்படி உருண்டதும் இல்லை, புரண்டதும் இல்லை. யாரும் காவலரைத் துரத்திக்கொண்டு போய் எடுத்த படம் அல்ல அது. திருட்டுக்குப் பயந்து மாட்டி வைத்த கேமரா, தன் பாட்டுக்குத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அதே வேளையில் காவல் நிலையத்தின் உள்ளே இருந்த கேமராக்களின் கதை வேறு. பதிவுக் கருவியில் இடம் தாராளமாக இருந்தும், அன்றன்றைய பதிவு தானே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அங்கு நடந்ததைச் சொல்ல ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து முன்வர வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம், குறைந்தது ஓராண்டாவது, பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

அடுத்த ஆண்டு, 2021 ஜூனில், சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டிச் சோதனைச் சாவடியில் மளிகைக் கடைக்காரர் முருகேசனைச் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் தடியால் அடித்தார். அவர் மறுநாள் இறந்தார். உடன் வந்தவர்கள் கெஞ்சுவதும் அடி விழுவதும் செல்போனில் பதிவாகி ஊர் முழுக்கப் பரவியது. அந்த அதிகாரி கைது செய்யப்பட்டார். அந்தப் படம் இல்லையென்றால், குடித்துவிட்டு விழுந்தார் என்று எழுதி முடித்திருக்க மாட்டார்களா?

சட்டம் என்ன சொல்கிறது? பொது இடத்தில் காவலர் தம் வேலையைச் செய்வதைப் படம் எடுக்கக் கூடாது என்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. காவல் நிலையம்கூட அலுவல் ரகசியச் சட்டம் கூறும் தடைசெய்யப்பட்ட இடம் ஆகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2022இல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் காவல் துறையே ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஆகவே கடையில் சோதனைக்கு வருவோரிடம் 'பதிவு நடக்கிறதா ஐயா?' என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை.

ஆனால் படம் எடுப்பது வேறு, வழியில் நிற்பது வேறு. அரசு ஊழியரின் கடமைக்கு இடையூறு செய்தால் நியாய சம்ஹிதையின் 221ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. கைகலப்பு என்றால் 132ஆம் பிரிவு, அது இன்னும் கடுமை. பத்தடி தள்ளி, கடைப் படியிலேயே நின்று, வாயைத் திறக்காமல் எடுப்பவர் மீது இடையூறு வழக்கு நிற்பது கடினம். முகத்துக்கு நேரே போனை நீட்டி 'உன்னை உலகத்துக்கே காட்டுகிறேன்' என்பவர் தானே வழக்குத் தேடிக்கொள்கிறார். வண்டியில் பின்தொடர்வதை நாம் அறவே ஏற்கவில்லை. போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கையில் போனும் ஒரு கையில் ஹேண்டில்பாரும் பிடித்து ஜீப்பைத் துரத்துவது தற்கொலைக்குச் சமம். எதிரே வரும் மூட்டை லாரிக்காரரின் குடும்பத்தையும் எண்ண வேண்டும்.

எடுத்ததை என்ன செய்வது என்பதில்தான் நியாய அநியாயம் அதிகம். பிடிபட்டவன் சிறுவனாக இருக்கலாம். புகார் கொடுக்க வந்தவள் ஒரு வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். திருடன் என்று நாம் பரப்பிய முகம் நாளை குற்றமற்றவன் முகமாகிவிட்டால், அவன் கடைத்தெருவில் எப்படி நடப்பான்? காவலருக்கும் அதே நியாயம்தான். இரவு ரோந்து வந்து நம் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறவரும் அவரே. முன்பின் வெட்டிய அரை நிமிடத் துண்டை வாட்ஸ்அப்பில் விடுவது கலப்படச் சரக்கு விற்பதைப் போன்றது. முழுப் பதிவையும் வழக்கறிஞரிடமோ நீதிமன்றத்திடமோ கொடுப்பதே முறை.

2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் தாக்கப்பட்டதை மறைவாக நின்று எடுத்தவரின் படம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. படம் எடுத்தவரோ தமக்குப் பாதுகாப்பு கேட்டு மனுச் செய்யும் நிலைக்கு வந்தார். சாட்சிகளுக்காக 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற பாதுகாப்புத் திட்டம் உண்டு. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதைக் கவனிக்கிறது. தனியாளாகப் போவதைவிடச் சங்கத்தின் மூலம் வழக்கறிஞரோடு போவது நல்லது.

இனிக் கடைக் கேமரா. மாட்டிய நாளுக்குப் பின் அதை ஏறிட்டும் பார்க்காத முதலாளிகளே அதிகம். டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். பல கடைகளில் பதினைந்து நாள்கூடத் தங்குவதில்லை. சம்பவம் நடந்தால் அன்றே பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். கருவியின் கடிகாரத்தை மாதம் ஒருமுறை சரிபாருங்கள். நேரம் தவறாகக் காட்டும் பதிவை எதிர்த்தரப்பு எளிதில் உடைத்துவிடும். நீதிமன்றத்தில் நகலைக் காட்ட, சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி உரிமையாளரும் ஒரு நிபுணரும் கையெழுத்திட்ட சான்று வேண்டும். காவல் துறையினர் கருவியையே கேட்டு வந்தால் மறுக்க வேண்டாம். கருவியின் எண், தேதி, அதிகாரியின் பெயர் எழுதிய ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு, ஒரு நகலை முன்கூட்டியே பத்திரப்படுத்திவிட்டுக் கொடுங்கள்.