'நாயும் புலியும்' ஆட்டத்திற் புதியதொரு காய்: மதிப்பீடு பற்றிய சில குறிப்புகள்

போரினைச் சிற்றுருவங்களைக் கொண்டு நடத்திப் பார்க்கும் ஆட்டங்கள் பலவகைப்படும். பிரஷ்ய அதிகாரியான இளைய ரைஸ்விற்ஸ் 1824இல் படைத்தலைமையினர்க்குக் காட்டிய போர்விளையாட்டு அதிகாரிகளின் பயிற்சியாக வளர்ந்தது. சோசலிசவாதியான எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட 'லிற்றில் வோர்ஸ்' என்னும் நூல் பொம்மைப் படைவீரரை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தது. 1983இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'வார்ஹாமர்' இவ்வகை ஆட்டத்தைப் பெருவணிகமாக்கிற்று. இவ்வாட்டத்தில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் நிறுவனம் ஒரு புள்ளிவிலையினை விதிக்கின்றது. இரு தரப்பினரும் சம அளவான புள்ளிகளுக்குப் படை திரட்டுவர். நிறுவனம் விற்காத படைப்பிரிவுகளைத் தாமே ஆக்கி, விதியெழுதி, விலையும் இடுகின்ற ஆர்வலர் உளர். அவ்வாறு ஆக்கப்பட்ட ஒன்றினை எவ்வாறு மதிப்பிடுவது?

வினா அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் முழுமை பெற்ற ஓர் அமைப்பினுட் புதிய உறுப்பொன்று நுழையும்போது ஏனைய உறுப்புகளுக்கு என்ன நேர்கின்றது என்பதே இதன் உட்கிடை. இலக்கிய மாணவன் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா இதுவேயாகும். விலை கொடுத்து வாங்கும் பொம்மைகளை விடுத்து, யாழ்ப்பாணத்துச் சிறுவர் கரித்துண்டாற் கீறி விளையாடிய 'நாயும் புலியும்' ஆட்டத்தை வைத்தே இதனை ஆராய்வோம். தமிழகத்தில் ஆடுபுலி ஆட்டம் எனப்படுவது இதுவே. ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட 'பண்டைய இலங்கை' பற்றிய தமது ஆங்கில நூலில் இது 'தெமள திவியன் கெலிய', அதாவது தமிழரின் சிறுத்தை ஆட்டம், எனக் குறிக்கப்படுகின்றது. (புலி என்னும் சொல்லின்மேற் பின்னாளில் ஏறிய அரசியற் பொருள் இக்கட்டுரைக்கு உரியதன்று.) இதனை ஆடுவதற்குக் காசு வேண்டியதில்லை. 1990களிற் பொருளாதாரத் தடைக்கு உட்பட்டிருந்த குடாநாட்டிலும் கரித்துண்டுக்கும் கல்லுக்கும் புளியங்கொட்டைக்கும் தடைவிதிக்க எவராலும் இயலாதிருந்தது.

ஆட்டத்தின் அமைப்பினை முதலில் நோக்குவோம். உச்சிப்புள்ளி ஒன்றிலிருந்து நான்கு கோடுகள் கீழிறங்கி அடிக்கோட்டினைத் தொடும். இடையே மூன்று குறுக்குக்கோடுகள் அந்நான்கினையும் வெட்டி இருபுறமும் நீண்டு செல்லும். அவற்றின் முனைகளைப் பக்கத்துக்கு ஒன்றாக இரு நெடுங்கோடுகள் இணைக்கும். உச்சி 1, குறுக்குக்கோடுகளில் 18, அடிக்கோட்டில் 4 என மொத்தம் 23 புள்ளிகள். புலிகள் 3, அவற்றுள் ஒன்று தொடக்கத்தில் உச்சியில் அமரும். நாய்கள் 15, அவை ஒவ்வொன்றாக வைக்கப்படும், யாவும் வைக்கப்பட்ட பின்னரே நகரும். அடுத்திருக்கும் நாயைத் தாண்டி அதே கோட்டிலுள்ள வெற்றுப்புள்ளியிற் பாய்ந்து புலி வெட்டும். நாய்க்கு வெட்டும் உரிமை இல்லை. புலிகள் அசையவொண்ணாதவாறு அடைபட்டால் நாய்களுக்கு வெற்றி. நாய் ஒன்றும் இழக்கப்படாத நிலையில் 23 புள்ளிகளில் 18 நிரம்பி 5 மட்டுமே வெறுமையாக இருக்கும். ஆட்டத்தின் உயிர்நிலை இந்த ஐந்து வெற்றிடங்களே.

இனி, ஆர்வலர் ஒருவர் நாய்களின் தரப்பிற்கு 'வேடன்' என்னும் புதிய காயினை ஆக்கித் தருவதாகக் கொள்வோம். அவன் நாயைப் போலவே வைக்கப்பட்டு நாயைப் போலவே நகர்வான், வெட்டமாட்டான், ஆனால் அவனைப் புலி தாண்ட இயலாது. ஆக்கியோர் பெரும்பாலும் இத்தகைய காயின் வீரத்தையும் வரலாற்றையும் விரிவாக எழுதுவர். மதிப்பீட்டாளன் அவற்றைப் படித்துச் சுவைக்கலாம். ஆனால் அவன் பார்க்கவேண்டிய இடம் பலகையாகும்.

பலகையோ ஒரு வியப்பினைத் தருகின்றது. உச்சி, அடிக்கோட்டின் இரு முனைகள், முதலாம் மூன்றாம் குறுக்குக்கோடுகளின் நான்கு முனைகள் ஆகிய 7 புள்ளிகளில் நிற்கும் சாதாரண நாயையே புலியால் வெட்ட முடியாது. அப்புள்ளிகளைத் தொடும் கோடுகள் யாவும் அங்கேயே முடிந்துவிடுகின்றன; பாய்ந்து இறங்க அப்பால் இடமில்லை. எனவே இவ்வேழு புள்ளிகளில் வேடனுக்கும் நாய்க்கும் வேறுபாடு அணுவளவும் இல்லை. எஞ்சிய 16 புள்ளிகளில் மட்டுமே அவன் வேடன். காயின் ஆற்றல் காயினுள் உறைகின்றது என்னும் எண்ணம் இங்குத் தகர்கின்றது. பண்டத்தின் மதிப்பினைப் பண்டத்தின் உடலிலே தேடியோரை நோக்கி மார்க்ஸ் எழுப்பிய மறுப்பு இவ்விடத்தும் பொருந்துவதே.

அவனுக்குரிய விலை யாது? நடுக்கோட்டின் உட்புறத்தே நிற்கும் புலியொன்றை அடைப்பதற்கு நாற்புறமும் நான்கு காய்களும், அவற்றின் பின்னே நான்கு காய்களுமாக 8 வேண்டும். பின்னே நிற்பவை இல்லையெனில் முன்னே நிற்பவை வெட்டுப்படும். நால்வருள் ஒருவன் வேடனாயின் அவன் பின்னே எவரும் நிற்கவேண்டியதில்லை, 7 போதும். ஆகவே புலியை ஒட்டி நிற்கும் வேடன் இரண்டு நாய்களின் வேலையைச் செய்கின்றான். இரு கோடுகள் சந்திக்கும் புள்ளியில் நின்று வெவ்வேறு கோடுகளிலுள்ள இரு புலிகளை ஒருங்கே மறிப்பானாயின் மூன்று நாய்களின் வேலையாகும்; அது அரிதாக வாய்ப்பது. எனவே இரண்டு நாய்களை விட்டுக்கொடுத்து ஒரு வேடனைப் பெறுவது நேர்மையான பரிமாற்றம் எனலாம். அப்போது 13 நாய்களும் ஒரு வேடனும் 3 புலிகளுமாக 17 காய்கள், வெற்றிடங்கள் 6. புலிகளுக்கு மூச்சுவிட ஓரிடம் கூடுகின்றது. நாய் எதனையும் குறைக்காது வேடனை இலவசமாகச் சேர்ப்பின் வெற்றிடங்கள் 4 ஆகி ஆட்டம் சாய்ந்துவிடும்.

கணக்கு இத்துடன் முடிகின்றது; மதிப்பீடு முடியவில்லை. இவ்வாட்டத்தில் எந்த நாய்க்கும் தனியாற்றல் இல்லை. ஒரு நாயின் பாதுகாப்பு அதன் பின்னே நிற்கும் இன்னொரு நாயே. பலமற்ற பலர், ஒருவர் பின் ஒருவராக நிற்பதால் பலம் வாய்ந்த சிலரை அசைவற்றோராக்குதல் இவ்வாட்டத்தின் வடிவமாகும். புலியை நிலவுடைமையாளனாகவும் நாயை உழவனாகவும் உடனே பெயர்த்துவிடும் வாய்பாட்டு விமர்சனத்தை நான் ஏற்பதில்லை. அது ஆட்டத்தையும் விளக்காது, நிலவுடைமையையும் விளக்காது. ஆயினும் வடிவத்துக்கென ஓர் உள்ளடக்கம் உண்டு. வேடன் தன் பின்னே எவரையும் வேண்டாதவன். அவன் வந்ததும் நாய்த்தரப்பில் ஆடுவோர் வரிசை அமைப்பதை விட்டு அவனைச் சுற்றி ஆடத் தலைப்படுவர். கூட்டு முயற்சியின் ஆட்டம் தனிநாயகனின் ஆட்டமாகின்றது. வீரயுகக் கவிதையின் நாயகன் எத்தகைய சமுதாயத்தில் தோன்றினான் என்பதைக் கைலாசபதி 1968இல் வெளிவந்த 'தமிழ் வீரயுகக் கவிதை' பற்றிய தமது ஆங்கில நூலில் ஆராய்ந்தார். நாயகனை இறக்குமதி செய்வோர் அவனுக்குரிய உலகினையும் உடன்கொணர்கின்றனர் என்பது அவ்வாய்வினைப் படித்த எமக்குப் புதிதன்று.

இதனால் ஆர்வலர் ஆக்கம் யாவும் தள்ளத்தக்கது என்றாகாது. ஆட்டவிதிகளை மாற்றும் உரிமை ஆடுவோர்க்கே உரியது. சதுரங்கத்தில் மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்த மந்திரி பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் நெடுந்தொலைவு பாயும் அரசியானதும் இவ்வகை மாற்றமே; அது நிலைத்தது. உலக வெற்றிவீரரான கப்பபிளங்கா 1920களிற் பத்துக்கு எட்டான பலகையையும் இரு புதிய காய்களையும் முன்மொழிந்தார். அவரது புகழும் அவற்றைப் பரவச் செய்யவில்லை.

வேடனைத் திருத்தவும் வழியுண்டு. கோட்டினால் இணைந்த அடுத்த புள்ளிகளுள் ஒன்றிலேனும் நாய் நிற்கும்வரை மட்டுமே அவன் வெட்டுப்படாதவன் என விதியை மாற்றலாம். தனித்துவிடப்பட்டால் அவனும் சாதாரண நாயே. இவ்விதியின்படி அவன் பின்னே நாய் நிற்கவேண்டியதில்லை. ஆனால் எங்கேனும் ஒன்று உடன்நின்றாக வேண்டும். அவனது விலை இரண்டு நாய்களிலும் சற்றுக் குறையும் என்பது எனது கணிப்பு. தரப்புகளை மாற்றி மாற்றி இருபது ஆட்டங்களேனும் ஆடிப்பார்த்த பின்னரே அதனைக் கணக்கிடல் வேண்டும்.