டவுன் சிண்ட்ரோம்: பேச்சு திக்கினால் புரியவில்லை என்று அர்த்தமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் அருகே ஒரு டீக்கடை. டவுன் சிண்ட்ரோம் உள்ள இளைஞர் ஒருவர், "டீ... டீ... டீ ஒண்ணு" என்று ஆரம்பிக்கிறார் என வைத்துக்கொள்வோம். கடைக்காரர் உடனே அவருடைய அம்மா பக்கம் திரும்பி, "தம்பிக்கு என்னம்மா வேணும்?" என்கிறார். 'சக்கரை கம்மியா' என்று தம்பி சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடுகிறது. என்ன வேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். சொல்லி முடிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

ஏன் இந்தத் தடுமாற்றம்?

டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரும்பாலானோரின் செல்களில் 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும். இவர்களுக்கு நாக்கு, உதடு தசைகள் தளர்வாக இருக்கும். வாயின் உட்புறமும் சிறியது. நடுக்காதில் நீர் கோத்து, பலருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. கேட்ட சொற்களை வரிசையாக நினைவில் வைப்பதும் சிரமம். ஆனால், பேசுவதைவிட அதிகமாகப் புரிந்துகொள்பவர்களே இவர்களில் அதிகம்.

திக்குவாய் மட்டும்தானா?

இல்லை. சிலர் ஒரே ஒலியில் சிக்கி நிற்பார்கள். சிலர் படபடவென்று கொட்டி, பாதிச் சொற்களை விழுங்கிவிடுவார்கள். இரண்டும் சேர்ந்தும் வரலாம். பயிற்சி இரண்டுக்கும் வேறு என்பதால், எது என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட் கண்டறிய வேண்டும். அதற்கு முன், காது பரிசோதனை அவசியம்.

உதவி எங்கே?

அங்கன்வாடி, அரசுப் பள்ளிகளுக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு, 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. அதன் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் உண்டு. தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பெரியவர்களும் பயிற்சி பெறலாம். சென்னையைத் தாண்டி முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்திலும் இதற்கான சேவை உண்டு. ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோரால் அவ்வளவு தூரம் அடிக்கடி போய்வர முடியாது. அதனால், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

நாம் என்ன செய்யலாம்?

"மெதுவா பேசு" என்று சொல்வதைவிட, நாமே மெதுவாகப் பேசலாம். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும். சைகை, படம், போன் எதைப் பயன்படுத்தினாலும் சரி என்று விடலாம். வாக்கியத்தை நாம் முடித்துவைக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கவும் கூடாது. டீக்கடைக்காரர் சில நொடிகள் பொறுத்திருந்தால், "சக்கரை கம்மியா" என்பதும் அவர் காதில் விழுந்திருக்கும்.