பேனா பிடித்த சம்சாரி

ஜப்பானியர் மரியாதையாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால், 'எழுதுகிறேன்' என்று மொட்டையாகச் சொல்லிவிட மாட்டார்கள். 'தூரிகையைக் கையிலெடுத்தேன்' என்பார்கள். அவர்கள் பாஷையில் 'ஃபுதே ஓ தோரு'. டைப் அடித்து அனுப்பும் கடிதத்தில்கூட அந்தத் தூரிகை இருக்கும்! எழுதுவதையே விட்டுவிட்டவரைத் 'தூரிகையை ஒடித்தவர்' என்பதும் உண்டு. புது வருஷத்தில், ஜனவரி 2-ந் தேதி, முதல் எழுத்தைச் சம்பிரதாயமாக எழுதுவார்கள். நமக்கு மட்டும் என்ன? மளிகைக் கணக்குக்கும் பிள்ளையார் சுழி போடாமல் கை ஓடுகிறதா, சொல்லுங்கள்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டிலே ஆரம்பம் என்றால் அது ஏர்தான். சித்திரை பிறந்ததும் மாடுகளைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டு 'பொன்னேர்' பூட்டுவார்கள். கம்பும் சோளமும் பருத்தியும் வானத்தைப் பார்த்து விளையும் பூமி அது. விவசாயிக்கு அங்கே 'சம்சாரி' என்று பெயர். பட்டணத்துச் சகோதரிகளுக்கு வேடிக்கையாக இருக்கும்!

அப்படி ஒரு சம்சாரிதான் இடைசெவல் கி. ராஜநாராயணன். கோவில்பட்டிக்குத் தெற்கே, கயத்தாறு போகும் வழியில் உள்ள கிராமம் இடைசெவல். பள்ளிப் படிப்பு அவருக்குப் பாதியிலேயே நின்றுவிட்டது. அதே ஊர், ஏறக்குறைய அதே வயது, உயிர் நண்பர் கு. அழகிரிசாமி. அவர் சென்னைக்கும் பிறகு மலாயாவுக்கும் போய்ப் பத்திரிகைகளில் வேலை பார்த்தார். எழுத்தாளராகப் பேரும் வாங்கினார். இவரோ ஊரில் நிலபுலத்தோடு இருந்தார். நடுவே ஓடியவை கடிதங்கள். 'நான் எழுத்தாளன்' என்ற எண்ணமே இல்லாமல், சிநேகிதனுக்கு ஊர்க்கதை சொல்லும் கடிதத்தைவிடக் கைக்கு நல்ல பயிற்சி வேறு உண்டோ? எனக்குத் தெரிந்து இல்லை.

1958-ல் 'சரஸ்வதி' பத்திரிகையில் 'மாயமான்' என்ற அவருடைய கதை வெளிவந்தது. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதை ஒட்டி இருக்கும். 'இனிமேல் எனக்கென்ன எழுத்து!' என்று நம்மில் பலர் பேனாவை மூடிவைத்துவிடும் வயது. அவரோ திண்ணையில் பேசுவது போலவே எழுதினார். பாட்டிமார் சொன்ன கதைகளைத் தேடிச் சேர்த்தார்; கரிசல் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். 1991-ல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குச் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. பட்டம் வாங்காத அந்தச் சம்சாரியைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது!

அவர் தூரிகையை ஒடிக்கவில்லை. தொண்ணூற்றைந்து வயதுக்கும் மேலே போன பிறகு அவர் எழுதிய புத்தகத்துக்குப் பெயர், 'மிச்சக் கதைகள்'. 2021 மே 17-ந் தேதி புதுச்சேரியில் காலமானார்.